ஏன் சுற்றிப் போகிறோம்?



ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. "சாமி, புனித நாட்டுக்கு மறுபடியும் எப்ப ஆள் சேர்க்கிறீங்க?" இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் பெரிய வசதி படைத்தவர்கள் அல்லர். சீட்டுப் போட்டும், ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்தும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கியும் பணம் சேர்த்தவர்கள். 2011ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்து, தொடக்கத்தில் 20,000 ரூபாயும் பின்னர் 37,000 ரூபாயுமாக வழங்கிய எருசலேம் பயண உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. இவர்களுக்குப் 'போகலாம்' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல நம்மால் முடியவில்லை. ஆகவே அந்தப் பயணத்தின் பாதையைப் பற்றியே இன்று கொஞ்சம் சிந்திப்போம்.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நம் பங்கிலிருந்தும் பக்கத்துப் பங்குகளிலிருந்துமாக 41 பேர் பத்து நாள் திருப்பயணம் சென்றோம். கெய்ரோவில் இறங்கி, எகிப்து, இஸ்ரயேல், பாலஸ்தீனப் பகுதி, ஜோர்டான் என்று தரைவழியாகவே கடந்து, அம்மானில் விமானம் ஏறித் திரும்புவது திட்டம். தமிழகத்திலிருந்து போகும் பல குழுக்கள் இந்தப் பாதையிலோ, இதைத் திருப்பிப் போட்ட பாதையிலோதான் செல்கின்றன. மோசே மக்களை நடத்திச் சென்ற வழியில் நாமும் செல்கிறோம் என்று பயண நோட்டீசில் அச்சிட்டிருந்தார்கள்.

கெய்ரோவிலிருந்து கிழக்கே புறப்பட்டு, சூயஸ் கால்வாய்க்கு அடியில் போகும் அகமது ஹம்தி சுரங்கப்பாதையைத் தாண்டியதும் சீனாய் தீபகற்பம் தொடங்குகிறது. அங்கிருந்து எருசலேம் வடகிழக்கே இருக்கிறது. நம் பேருந்தோ தெற்கே திரும்பியது. முன்னால் காவல்துறை வண்டி. பேருந்துக்குள் கோட்டுக்கு அடியில் துப்பாக்கி வைத்திருந்த ஒரு காவலர். வழிநெடுகச் சோதனைச் சாவடிகள். நம் கோவில் வாசலில் பூ விற்கும் பாட்டி ஒருவர், திட்டத் தாளின் பின்பக்கம் இருந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சாமி, மாதாவும் சூசையப்பரும் குழந்தையத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கமாவா வந்தாங்க? எருசலேம் அங்க இருக்கு. நாம ஏன் இப்படிச் சுத்திப் போறோம்?"

நம் வழிகாட்டி ஓர் எகிப்தியக் கிறிஸ்தவர். அவரிடம் கேட்டுச் சொன்னோம். "திருக்குடும்பம் வந்தது கடற்கரை வழி. காசா, ரஃபா, எல் அரிஷ். அந்த வழியாகப் பேருந்து போகாது" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்துவிட்டார். பாட்டியின் கேள்விக்கு அது பாதிப் பதில்தான். மீதிப் பதிலை நாம் தேடிக்கொண்டே இருக்கிறோம்.

மறைந்துபோன நேர்வழி

கடற்கரையை ஒட்டிய அந்த வழி எகிப்தையும் கானானையும் இணைத்த மிகப் பழைய வணிகப் பாதை. எத்தியோப்பிய அரசியின் நிதியமைச்சரைப் பிலிப்பு சந்தித்துத் திருமுழுக்குக் கொடுத்தது எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வழியில்தான் என்று திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. திருக்குடும்பம் ரஃபா, எல் அரிஷ் வழியாக வந்தது என்பது எகிப்தின் கோப்திக் திருஅவையின் மரபு.

கிறிஸ்தவத் திருப்பயணிகள் இந்த நாடுகளைத் தரைவழியாகக் கடப்பது புதிதல்ல. கி.பி. 333இல் இன்றைய பிரான்சு நாட்டின் போர்தோ நகரிலிருந்து ஒருவர் கான்ஸ்தாந்திநோபிள், அந்தியோக்கியா வழியாக எருசலேம் வந்து, வழியிலிருந்த ஊர்களையும் தங்குமிடங்களையும் வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார். அதே நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்ற பெண்மணி சீனாய் மலைவரை சென்று வந்தார். இன்றைய சூயஸ் அருகிலிருந்து ஆபத்தான பகுதிகளைக் கடந்தபோது உரோமைப் படைவீரர்கள் துணைக்கு வந்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். காவலோடு போவது அன்றும் இருந்தது. ஆனால் அன்று அவை யாவும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. இன்று இருப்பதுபோன்ற நாட்டு எல்லைகள் அவர்களுக்குக் குறுக்கே நிற்கவில்லை.

அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியப் படை சூயஸ் கால்வாயோரத்திலிருந்து எல் அரிஷ், காசா வழியாகப் போட்ட இரயில் பாதை பின்னர் ஹைஃபா வரை சென்றது. 1942இல் ஹைஃபாவிலிருந்து பெய்ரூட் வழியாகத் திரிப்பொலிக்கும் பாதை போடப்பட்டது. எகிப்திலிருந்து லெபனான் வரை தண்டவாளம் இருந்த காலம் அது. 1948ஆம் ஆண்டுப் போரோடு அந்தத் தொடர்பு அறுந்தது. 2007இல் ஹமாஸ் அமைப்பு காசாவைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்ததும் முற்றுகை இறுகியது. வட சீனாயில் 2011க்குப் பிறகு தீவிரவாதம் தலைதூக்கியது. 2017 பிப்ரவரியில் கொலைகளுக்கு அஞ்சிக் கோப்திக் கிறிஸ்தவக் குடும்பங்கள் எல் அரிஷை விட்டு ஓடின. அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பகுதியின் பள்ளிவாசல் ஒன்றில் வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது நடந்த தாக்குதலில் 300க்கும் மேற்பட்ட இசுலாமியர் கொல்லப்பட்டார்கள். கிறிஸ்தவர், இசுலாமியர் இருவரின் இரத்தமும் சிந்திய வழி அது. ஆகவேதான் பேருந்து தெற்கே திரும்புகிறது.

தெற்கு வழியும் முழுப் பாதுகாப்பானது என்று சொல்வதற்கில்லை. 2014 பிப்ரவரி 16 அன்று தாபா எல்லையில் ஒரு சுற்றுலாப் பேருந்தில் குண்டு வெடித்து, தென் கொரியர் மூவரும் எகிப்திய ஓட்டுநரும் இறந்தார்கள். அந்தக் கொரியர்கள் ஒரு கிறிஸ்தவ சபையிலிருந்து வந்த திருப்பயணிகள். நம்மைப் போலவே சீனாய் மலையடிவாரத்திலுள்ள புனித கத்தரீன் மடத்தைப் பார்த்துவிட்டு இஸ்ரயேலுக்குள் நுழையக் காத்திருந்தவர்கள். தாபாவில் பேருந்தைவிட்டு இறங்குமுன் அந்த நால்வருக்காகவும் ஒரு பத்து மணி செபமாலை சொன்னோம்.

ஒப்பந்தம் திறந்த வழிகள்

தாபாவில் எகிப்தியப் பேருந்து நின்றுவிடும். பெட்டிகளை நாமே இழுத்துக்கொண்டு எல்லையை நடந்து கடக்க வேண்டும். அந்தப் பக்கம் வேறு பேருந்து, வேறு வழிகாட்டி, வேறு பணம். ஆனால் அந்த வாசல் திறந்திருப்பதே ஒரு பெரிய காரியம். 1967 போரில் இஸ்ரயேல் கைப்பற்றிய சீனாய், 1979ஆம் ஆண்டு எகிப்தும் இஸ்ரயேலும் செய்துகொண்ட சமாதான ஒப்பந்தத்தின்படி 1982இல் எகிப்துக்குத் திரும்பியது. தாபா என்ற சிறு துண்டு நிலத்துக்கு மட்டும் வழக்கு நடந்து, நடுவர் தீர்ப்புக்குப் பின் 1989இல் அதுவும் திரும்பியது. ஜோர்டானோடு ஒப்பந்தம் ஏற்பட்டது 1994 அக்டோபர் 26 அன்று.

இப்போது வரைபடத்தை மீண்டும் பாருங்கள். 1979இலும் 1994இலும் எந்த இரு நாடுகளோடு ஒப்பந்தம் கையெழுத்தானதோ, அந்த இரு பக்கங்களில் மட்டுமே திருப்பயணிகளின் பேருந்து எல்லை வரை போகிறது. புனித பவுல் மனமாற்றம் பெற்ற தமஸ்கு நகர் சிரியாவில் இருக்கிறது. ஆண்டவர் கால் பதித்த தீர், சீதோன் பகுதி லெபனானில் இருக்கிறது. கலிலேயாவிலிருந்து இவை நம் ஊரில் இரண்டு மாவட்டம் தாண்டும் தூரம்தான். ஆனால் அந்தப் பக்கம் திருப்பயணக் குழு எதுவும் எல்லையைக் கடக்க வழியில்லாமலே நாம் சென்ற காலம் கழிந்தது. பாஸ்போர்ட்டில் இஸ்ரயேல் முத்திரை இருந்தால் சில நாடுகள் உள்ளே விடா என்பதால், இஸ்ரயேல் அதிகாரிகள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தாமல் ஒரு சிறு தாளைத் தருகிறார்கள். அதைத் தொலைத்துவிடாதீர்கள் என்று நாம் பத்து முறை சொல்ல வேண்டியிருந்தது. 'வந்து போனோம்' என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

திருத்தந்தையர்க்கும் இந்த எல்லைகள் விலகிவிடவில்லை. 1964 சனவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் அம்மானில் இறங்கிச் சாலை வழியாக எருசலேம் சென்றார். அன்று எருசலேம் இரண்டாகப் பிரிந்திருந்தது. கலிலேயாவுக்குச் செல்ல மெகிதோ அருகே எல்லையைக் கடந்து இஸ்ரயேலுக்குள் நுழைந்தார். மாலையில் மண்டல்பாம் வாசல் வழியாக மறுபடியும் எல்லையைக் கடந்து திரும்பினார். அந்தப் பயணத்தின் கனிகள் இன்றும் இருக்கின்றன. 1973இல் பெத்லகேம் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 1974இல் அவர் எழுதிய திருமடல், புனித நாட்டுத் திருஅவைக்காக நாம் புனித வெள்ளியன்று எடுக்கும் காணிக்கைக்குப் புத்துயிர் தந்தது. ஒரு பயணி பார்த்துவிட்டு வந்ததோடு நிற்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

பத்து கிலோமீட்டர்கூட இல்லை

எருசலேமிலிருந்து பெத்லகேமுக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் உயரமான கான்கிரீட் சுவர். 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய கிளர்ச்சிக் காலத்தில் பேருந்துகளிலும் உணவு விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து இஸ்ரயேல் மக்கள் பலர் இறந்தனர். அதைத் தடுக்கவே சுவர் என்று இஸ்ரயேல் சொல்கிறது. 2002இல் வேலை தொடங்கியது. பாலஸ்தீன நிலத்துக்குள் அதைக் கட்டுவது பன்னாட்டுச் சட்டத்துக்கு எதிரானது என்று பன்னாட்டு நீதிமன்றம் 2004 சூலையில் கருத்துரைத்தது. 2014 மே 25 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்தச் சுவரில் நெற்றியைச் சாய்த்து செபித்தார்.

நம் பேருந்து சோதனைச் சாவடியில் நின்றபோது இளம் படைவீராங்கனை ஒருவர் ஏறி, முகங்களைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பெத்லகேமில் நமக்கு ஒலிவ மரச் சுரூபங்கள் விற்ற கடைக்காரர் ஒரு கத்தோலிக்கர். "கடைசியாக எப்போது திருக்கல்லறைக் கோவிலுக்குப் போனீர்கள்?" என்று கேட்டோம். கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்காவுக்கும் அனுமதிச் சீட்டுக்கு எழுதிப் போடுவதாகவும், வீட்டில் சிலருக்குக் கிடைத்தால் சிலருக்குக் கிடைக்காது என்றும் சொன்னார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்த நாம் மறுநாள் காலை அங்கே திருப்பலி நிறைவேற்றினோம். அருகிலேயே பிறந்து வளர்ந்தவர் தாளுக்காகக் காத்திருக்கிறார்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் பெத்லகேமில் கிறிஸ்தவர்களே பெரும்பான்மையினர். இன்று அவர்கள் சிறுபான்மையினர். வேலையில்லை, நடமாட்டத்துக்குத் தடை, பிள்ளைகளின் எதிர்காலம் என்று பல காரணங்களால் அவர்கள் வெளிநாடுகளுக்குக் குடிபெயர்கிறார்கள். அங்கேயே தங்கியிருப்பவர்களில் பலருக்குத் திருப்பயணிகளின் வருகைதான் சோறு போடுகிறது.

போர் வந்தபோது

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரயேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். தொடர்ந்து நடந்த போரில் காசாவில் பல பத்தாயிரம் உயிர்கள் போயின. அந்த முதல் நாள்களில் மேகாலயாவிலிருந்து எருசலேம் திருப்பயணம் சென்றிருந்த 27 பேர் பெத்லகேமில் சிக்கிக்கொண்டு, பின்னர் தரைவழியாக எகிப்துக்குள் பத்திரமாகக் கடந்தார்கள். 2025 சூனில் இஸ்ரயேலுக்கும் ஈரானுக்கும் போர் மூண்டு வான்வழி அடைபட்டபோதும் இப்படித்தான் நடந்தது. இஸ்ரயேலில் இருந்த இந்தியர்கள் தரைவழியே ஜோர்டானுக்கும் எகிப்துக்கும் அழைத்துச் செல்லப்பட்டு, அங்கிருந்து விமானம் ஏறினார்கள். 1979இலும் 1994இலும் கையெழுத்தான தாள்களே அன்று நம்மவர் உயிர் பிழைக்கும் வாசல்களாயின. சமாதான ஒப்பந்தங்களை வெறும் அரசியல் என்று நாம் ஒதுக்கக் கூடாது.

நம் பங்கின் இரண்டாவது குழு 2023 நவம்பரில் புறப்பட வேண்டியிருந்தது. பயணம் நின்றது. முன்பணத்தைத் திரும்பப் பெற எட்டு மாதம் அலைந்தோம். அதுவும் முழுதாகக் கிடைக்கவில்லை. நமக்கு நேர்ந்தது பண இழப்பு. பெத்லகேமுக்கு நேர்ந்தது வேறு. 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளும் கிறிஸ்து பிறப்பு விழாவை ஆடம்பரமின்றி, செபத்தோடு மட்டும் அந்த ஊர் கொண்டாடியது. 2025 அக்டோபரில் காசாவில் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்ட பின்னரே, அந்த ஆண்டு திசம்பரில் பிறப்பிட ஆலயச் சதுக்கத்தில் மீண்டும் கிறிஸ்து பிறப்பு மரம் ஒளி பெற்றது.

இனி பாட்டியின் கேள்விக்கு வருவோம். நம் பேருந்து சுற்றிப்போன அந்தக் காசாவில் ஒரே ஒரு கத்தோலிக்கப் பங்கு இருக்கிறது. அதன் பெயர் திருக்குடும்பப் பங்கு. ஏரோதுக்கு அஞ்சி ஓடிய குடும்பத்தின் பெயரைத் தாங்கிய அந்தப் பங்கில், போர் தொடங்கியதும் நூற்றுக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்தார்கள். 2023 திசம்பர் 16 அன்று அந்த வளாகத்துக்குள் ஒரு தாயும் மகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2025 சூலை 17 அன்று கோவில் தாக்கப்பட்டு மூவர் இறந்தனர். பங்குத்தந்தை கபிரியேல் ரோமனெல்லி காயமடைந்தார். அது தவறுதலாக நேர்ந்தது என்று இஸ்ரயேல் வருத்தம் தெரிவித்தது. மறுநாளே எருசலேம் இலத்தீன் முதுபெரும் தந்தை கர்தினால் பிட்சபாலா, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தையோடு காசாவுக்குள் சென்று அந்த மக்களைச் சந்தித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் போர்க் காலத்தில் மாலைதோறும் அந்தப் பங்குக்குத் தொலைபேசியில் பேசிவந்தார். 2025 ஏப்ரலில் இறக்கும்வரை அந்தப் பழக்கத்தை விடவில்லை. போக முடியாத இடத்துக்கும் ஒருவர் எப்படிப் போகலாம் என்று அவர் நமக்குக் காட்டினார்.

போகலாமா?

போர் நடந்த மண்ணுக்குத் திருப்பயணம் தேவையா, அங்கே செலவிடும் பணம் ஒரு தரப்புக்குப் போகாதா என்று நம் இளைஞர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் போகாவிட்டால் முதலில் கடையை மூடுகிறவர் பெத்லகேமின் சிற்பி. முதலில் வேலை இழப்பவர் அந்த ஊர் விடுதியில் பாத்திரம் கழுவுகிறவர். திருப்பயணிகள் மீண்டும் வரவேண்டும் என்று கர்தினால் பிட்சபாலா பல முறை அழைத்திருக்கிறார். ஆகவே, பாதுகாப்பான காலத்தில் போகத்தான் வேண்டும் என்பது நம் எண்ணம். எப்படிப் போகிறோம் என்பதில்தான் மாற்றம் வேண்டும்.

முதலாவது, நம் அரசின் பயண அறிவுரையைப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள். பயணம் நின்றால் பணம் எப்போது, எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். குறைந்த கட்டணம் என்பதற்காக மட்டும் யாரையும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, பெத்லகேமில் இரண்டு இரவாவது தங்குங்கள். ஒரு திருப்பலியையாவது அந்த ஊர்ப் பங்கு மக்களோடு, அவர்களுடைய அரபு மொழியிலேயே காணுங்கள். அவர்களிடம் நலம் கேளுங்கள். ஓடி ஓடிப் படம் எடுக்கும் பத்து இடங்களைவிட இது மேலானது.

மூன்றாவது, இரு மக்களின் காயங்களையும் பாருங்கள். எருசலேமில் யாது வசேம் என்ற நினைவகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதர்களின் நினைவைக் காக்கும் இடம். அதையும் பார்க்க வேண்டும். சுவரையும் பார்க்க வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை மறைத்துத் திரும்பினால் நம் பயணம் அரைப் பயணம்தான்.

நான்காவது, போக இயலாதவர்களுக்குப் புனித வெள்ளிக் காணிக்கை இருக்கிறது. தட்டு வரும்போது சில்லறை தேடாதீர்கள். அது நம் பாட்டி கேட்ட அந்த வழியில் வாழ்கிறவர்களுக்கான உதவி.

பயணத்தின் கடைசி நாளில் எருசலேமிலிருந்து எரிகோவை நோக்கி இறங்கி, ஜோர்டான் எல்லைப் பாலத்துக்குப் போனோம். இஸ்ரயேலருக்கு அது ஆலன்பி பாலம்; ஜோர்டானியருக்கு ஹுசைன் மன்னர் பாலம்; பாலஸ்தீனருக்கு அல் கராமே. கீழே ஓடும் யோர்தான் ஆறு நம் ஊர் வாய்க்கால் அளவுதான். ஒரு பாலத்துக்கு ஒரே பெயர் வைக்கவும் உடன்பாடு இல்லை. 2024 செப்டம்பரிலும் 2025 செப்டம்பரிலும் அங்கே துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. அந்தப் பாலத்துக்கு இறங்கும் சாலைதான், நல்ல சமாரியர் உவமையில் கள்வர் கையில் ஒருவர் அகப்பட்ட சாலை. அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டும் மறுபக்கமாக விலகிப் போனவர்களில் முதல் ஆள் ஒரு குரு. அன்று பேருந்தின் முன் இருக்கையில் இருந்த குரு நாம்தான். அந்த உவமையை மைக்கில் விளக்கிய நமக்கே தொண்டை அடைத்துக்கொண்டது.

பேருந்து சுற்றிப் போகலாம். அதற்கு வேறு வழியில்லை. நம் செபமும், காணிக்கையும், கரிசனையும் சுற்றிப் போகக் கூடாது.

பாட்டி இன்றும் கோவில் வாசலில் பூ விற்கிறார். சில ஞாயிறுகளில் நம்மைப் பார்த்ததும் கேட்பார்: "சாமி, அந்த மாதா வழிய இன்னும் தொறக்கலையா?" அவர் கேட்பதை நாமும் இறைவனிடம் கேட்போம். காசாவின் திருக்குடும்பப் பங்கு மக்களும், அவர்களோடு வாழும் இசுலாமியரும், எல்லைக்கு அப்பால் அச்சத்தோடு வாழும் யூதரும் ஒரே பாதையில் அச்சமின்றி நடக்கும் நாள் வர மன்றாடுவோம்.